கூரையில்லாத வீட்டின் சொந்தக்காரி

கிண்ணியாவில் வலைக்கடை முஹம்மது தம்பியின் மகள் றம்லாவுக்கு இருபத்தொரு வயதிலேயே சொந்தமாக ஒரு வீடு இருந்தது. உறுதிப் பத்திரம் அவள் பெயரில். பெண்பிள்ளை பிறந்தால் அவள் பெயருக்கு ஒரு வீடு என்பது அந்தக் கரையில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவான வழக்கம். மகளுக்குப் பதினைந்து வயதானதும் முஹம்மது தம்பியும் பக்கத்து வளவில் அத்திவாரம் போட்டுவிட்டார். சுவர் யன்னல் மட்டத்துக்கு எழும்பியது. பிறகு சீமெந்து விலை ஏறியது, கடலுக்குப் போகத் தடை வந்தது, வலை வாங்க ஆளில்லாமல் போனது. ஆறு வருடமாக அந்த வீட்டில் அயல்வீட்டு ஆடுகள் நான்கு குடியிருந்தன. அதற்காக யாரும் அதை ஆட்டுப்பட்டி என்று சொல்லிவிட மாட்டார்கள். ஊர் முழுக்க அதற்குப் பெயர் "றம்லாட வீடு".

இந்த வீட்டுக்காரி ஒவ்வொரு நாள் காலையும் கல்லூரிக்கு வெளிக்கிடும்போது வாப்பாவுக்கு முன்னால் போய்க் கை நீட்டுவாள்.

"என்னத்துக்கு மகள்?"

"பஸ்ஸுக்கு வாப்பா."

"நேத்துத் தந்த இருபதுக்கு என்ன நடந்த?"

"அதும் பஸ்ஸுக்குத்தான்."

"போக எட்டு, வர எட்டு, பதினாறு. மிச்சம் நாலு?"

"பிளேன்ரீ குடிச்சன் வாப்பா."

முஹம்மது தம்பி கஞ்சன் இல்லை. பெருநாளைக்கு மகளுக்கு இரண்டு உடுப்பு எடுக்கிற மனுசன். அவள் கேட்டு அவர் கொடுக்காமல் விட்ட நாளே கிடையாது. "என்னத்துக்கு" என்று கேட்காமல் கொடுத்த நாளும் கிடையாது, அவ்வளவுதான். றம்லாவும் அதை ஒரு குறையாக எண்ணியதில்லை. இருபது ரூபாயை வாங்கிக்கொண்டு பாதையில் ஏறுவாள். கிண்ணியாக் கடலைக் கடக்கிற அந்தப் பெரிய மிதவைக்கு ஊரில் பாதை என்றுதான் பெயர். அக்கரையில் பஸ் பிடித்து, வழியில் படையினரின் இரண்டு சோதனைச் சாவடியில் இறங்கி ஏறி, பட்டினம் போய்ச் சேருவாள். தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு அது. கிண்ணியாவிலிருந்து பட்டினம் போய்ப் படிக்கிற பெண்பிள்ளை என்றால் கொஞ்சம் துணிச்சல்காரி என்றே அர்த்தம். றம்லாவுக்குத் துணிச்சலும் இருந்தது, முத்துப்போன்ற கையெழுத்தும் இருந்தது. அவளை வம்பில் மாட்டியது கையெழுத்துத்தான்.

அவள் படித்தது துறைமுகப் பக்கம் இருந்த ஒரு சின்ன வணிகக் கல்லூரி. நாலு வகுப்பறை, தகரம் போட்ட ஒரு கன்ரீன், நூற்றுப் பன்னிரண்டு மாணவர்கள். அறுபது பெண்கள், ஐம்பத்திரண்டு ஆண்கள். கொழும்பில் இருந்த ஒரு தொண்டு நிறுவனம் அந்த வருடம் பன்னிரண்டு மாணவருக்கு மாதம் அறுநூறு ரூபாய் உதவுதொகை தருவதாக எழுதியிருந்தது. ஒரே ஒரு நிபந்தனை. சும்மா பெயர்ப் பட்டியல் அனுப்பினால் ஏற்கமாட்டார்களாம்; மாணவர்களின் நிதி நிலைமையை, ஆண் பெண் வேறுபாட்டோடு, முறையாக ஆராய்ந்து அறிக்கை அனுப்ப வேண்டுமாம்.

புள்ளிவிபரம் படிப்பித்த சோமசேகரம் சேருக்கு இது காணாததைக் கண்டதுபோல ஆகிவிட்டது. இருபது வருடம் கரும்பலகையில் சராசரி போட்ட மனிதருக்கு உண்மையான ஆட்களை வைத்துச் சராசரி போட ஒரு சந்தர்ப்பம். வெளிநாட்டுச் சஞ்சிகை ஒன்றைப் பார்த்து ஒரே இரவில் படிவம் தயாரித்தார். றம்லாவைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, நீர்தான் இதை எழுதி, ரோணியோ மெசினில பிரதி அடிச்சு, எல்லாருக்கும் குடுத்து, திருப்பி வாங்கிக் கூட்டிப் பாக்கவேணும். அறிக்கை நல்லா வந்தால், அடுத்த வருஷம் ஆய்வு உதவியாளர் எண்டு ஒரு வேலை இருக்கு. மாதம் ஆயிரத்து இருநூறு. உமக்குத்தான்."

ஆயிரத்து இருநூறு. யாரிடமும் கை நீட்டாமல். றம்லா அன்று பாதையில் வரும்போது அந்த எண்ணை மனத்துக்குள் பலமுறை சொல்லிப் பார்த்தாள்.

படிவத்தில் என்னென்ன இருந்தன என்று சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைக் குறை சொல்லக்கூடாது. பெயர். பிறந்த திகதி. மதம். ஒரு புகைப்படம் ஒட்ட இடம். தகப்பனின் தொழில். உமது பெயரில் வீடு உண்டா? காணி எத்தனை ஏக்கர்? நகை எத்தனை பவுண்? உமது நிலைமை உமக்குத் திருப்தியா, ஒன்று முதல் ஐந்துக்குள் ஒரு புள்ளி இடுக. அடியில் பெற்றோர் கையொப்பம். பிள்ளைகள் பொய் எழுதிவிடக்கூடாது என்பதற்காகப் படிவத்தைப் பெற்றோரே நிரப்ப வேண்டும் என்று சேர் விசேடமாகச் சொல்லிவிட்டார். உறையில் ஒட்டி வீட்டுக்குப் போன படிவங்கள் ஒட்டிய உறையிலேயே திரும்பி வந்தன. சேர் தன் முன்யோசனையைத் தானே மெச்சிக்கொண்டார்.

நூற்றுப் பன்னிரண்டு உறையையும் றம்லா பிரித்தாள். பெண்பிள்ளைகளின் படங்கள் எல்லாம் பட்டினத்து ஸ்ரூடியோவில் பவுடர் போட்டு எடுத்தவை. ஆண்பிள்ளைகள் அடையாள அட்டைக்கு எடுத்த பழைய படத்தை ஒட்டியிருந்தார்கள். ஐந்தாறு பெண்களின் படிவத்தோடு சாதகக் குறிப்பு ஒன்றும் பின் பண்ணி வந்திருந்தது. றம்லா அதைக் கண்டு இரக்கப்பட்டாள். பாவம், இடம்பெயர்ந்தபோது பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் தொலைந்திருக்கும், பிறந்த திகதிக்கு அத்தாட்சியாக இதை வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தாள். அந்த வருடங்களில் அப்படி நினைப்பது ஒன்றும் புதுமையில்லை.

ஒரு கிழமை கூட்டினாள். விடை வந்தது. நூற்றுக்கு எத்தனை என்று பார்த்தால் பெண்களின் நிதி நலன் எழுபத்தொன்று, ஆண்களின் நிதி நலன் இருபத்தெட்டு. பெண்கள் எல்லாருக்கும் வீடு, வளவு, பத்துப் பவுண், பன்னிரண்டு பவுண். ஆண்களுக்கு ஒரு சிரட்டை நிலம்கூட இல்லை.

சோமசேகரம் சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டார். "பிள்ளை, என்ர வாழ்நாளில இப்பிடித் துலக்கமான ஒரு வேறுபாட்டை நான் காணேல்லை!" அறிக்கை தட்டச்சானது. உதவுதொகைக்கு உரிய பன்னிரண்டு பேரும் ஆண்கள். தலையில் இருந்த பெயர் பாயிஸ். ஆய்வு செய்தவர் என்ற இடத்தில் றம்லா அழகாகக் கையெழுத்து வைத்தாள்.

கையெழுத்து வைத்தபோது அவளுக்கு ஒரு சின்னக் கசப்பு இருந்தது. காரணம் சீதேவி.

சீதேவி அவளுடைய சிநேகிதி. வெருகல் பக்கத்துப் பிள்ளை. தகப்பன் இல்லை, தாய் ஊரில். சீதேவி அன்புவழிபுரத்தில் சித்தி வீட்டில் நின்று படித்தாள். ஒரு வருடமாக இரண்டு பேரும் கன்ரீனில் ஒரு பிளேன்ரீ எடுத்து இரண்டு கிளாசில் குடிக்கிறவர்கள். அந்தச் சீதேவியின் படிவத்தில் வீடு ஒன்று, வயல் இரண்டு ஏக்கர், நகை ஒன்பது பவுண் என்று இருந்தது. கல்லூரியின் பணக்காரர் வரிசையில் அவள் பதினொன்றாவது ஆள்.

'கள்ளி! ஒன்பது பவுணை வச்சிக்கொண்டா என்ட பிளேன்ரீல பாதி குடிக்கிறாய்?' என்று றம்லா மனத்துக்குள் கறுவினாள். ஆய்வில் அறிந்ததை வெளியில் சொல்லக்கூடாது என்று சேர் சத்தியம் வாங்கியிருந்ததால் கேட்கவும் ஏலாது. கேட்கமுடியாத கோபம் முகத்தில்தானே வந்து நிற்கும். நாலு நாள் அவள் கன்ரீன் பக்கமே போகவில்லை.

ஐந்தாம் நாள் சீதேவி தானாக வந்து சொன்னாள்.

"றம்லா, நான் இந்த மாத முடிவோட வெருகலுக்குப் போறன். வகுப்புக் காசு கட்டச் சித்தியால ஏலாதாம். அந்த உதவுதொகை கிடைச்சா நிக்கலாம் எண்டு இருந்தன். பட்டியலில பொம்பிளைப் பிள்ளையள் ஒருத்தரும் இல்லை எண்டு கதைக்கினம்."

"போறதெண்டா போங்க. உள்ள பவுணை வித்துப் படிக்கிற மனசில்லாட்டி நான் என்ன செய்ய?"

சீதேவி அவளைப் பார்த்தாள். "எந்தப் பவுண்?"

"எனக்குத் தெரியாதா?"

"எந்தப் பவுணடி?" என்று மறுபடி கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் புத்தகங்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போய்விட்டாள். அவளுடைய காதில் தோட்டுக்குப் பதிலாகத் தென்னை ஈர்க்குத்தான் செருகியிருந்தது. ஒரு வருடமாக அந்த ஈர்க்கு அங்கேதான் இருந்தது. றம்லா அன்றைக்குத்தான் அதைப் பார்த்தாள்.

அடுத்த நாள், வெள்ளிக்கிழமை, ஒரு தயிர்ச் சட்டியைத் தூக்கிக்கொண்டு கனகம்மா கல்லூரிக்கு வந்து சேர்ந்தாள். தம்பலகாமத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்தவள். மகள் குணமணியும் மகன் குலசிங்கமும் இதே கல்லூரியில் படிக்கிறார்கள்.

"றம்லா எண்டுறது ஆர்?"

"நான்தான். சொல்லுங்கம்மா."

கனகம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள். "இவ்வளவு சின்னப் பிள்ளையோ? நான் ஒரு வயசாளி எண்டெல்லோ நினைச்சன்." தயிர்ச் சட்டியை மேசையில் வைத்தாள். கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். "பேப்பர் தந்து ஒரு மாசம் ஆகுது பிள்ளை. மாப்பிள்ளை பகுதி என்ன சொல்லுகினம்?"

"எந்த மாப்பிள்ளை?"

"அதைத்தானே நானும் கேக்கிறன்."

றம்லாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கனகம்மா பொறுமையாக விரல் மடக்கினாள்.

"படம் கேட்டீங்கள், புதுசா எடுத்து அனுப்பினம். பிறந்த திகதி கேட்டீங்கள், சாதகமே வச்சம். வீடு, வளவு, பவுண் எல்லாம் கேட்டீங்கள். பொம்பிளைப் பிள்ளையைப் பற்றி இதெல்லாம் ஏன் கேக்கிற எண்டு தாய்க்கு விளங்காதோ?"

"அம்மா, அது ஆராய்ச்சி."

"ஓம் பிள்ளை, நல்லா ஆராய்ஞ்சுதான் செய்யவேணும். நான் அவசரப்படேல்லை."

றம்லா அலுமாரியைத் திறந்து குணமணியின் படிவத்தை எடுத்தாள். "பன்னிரண்டு பவுண் எண்டு எழுதியிருக்கீங்க."

"அது எழுதுற கணக்கு. உள்ளது மூண்டு. அதிலயும் ரெண்டு அடைவில கிடக்கு. கலியாணம் சரிவந்தால் மீட்கத்தானே வேணும்."

குலசிங்கத்தின் படிவத்தையும் எடுத்தாள். "மகன்ட பேப்பரில ஒண்டுமே இல்லை எண்டு இரிக்கி. வயல்கூட இல்லை எண்டு?"

"அவன்ர பேரில என்ன இருக்கு? வீடு அவளுக்குத்தானே." கனகம்மா குரலைத் தாழ்த்தினாள். "அதோட பிள்ளை, இந்த நாளையில ஆம்பிளைப் பிள்ளையிட பேர் போட்டு, உன்னட்ட என்ன இருக்கு எண்டு ஒரு பேப்பர் வந்தால், உள்ளதை ஆர் எழுதுவினம்? நிவாரணம் குடுக்கிறவை எண்டால் இல்லை எண்டுறதுதான் நல்லம். வரி கேக்கிறவை எண்டாலும் இல்லை எண்டுறதுதான் நல்லம்."

ஒரே குசினியில் சமைத்த சோற்றைத் தின்கிற இரண்டு பிள்ளைகள். ஒருத்தி சீமாட்டி, ஒருவன் பிச்சைக்காரன். றம்லாவுக்குச் சிரிப்பு வந்தது. சீதேவியின் காதில் இருந்த ஈர்க்கு ஞாபகம் வந்ததும் அது நின்றுவிட்டது. கடைசியாக ஒன்று கேட்டாள்.

"குணமணிக்குக் கையில என்னம்மா குடுத்து விடுறீங்க?"

"அவளுக்கு எதுக்குக் காசு? ரெண்டு பேரின்ர பஸ் காசையும் குலசிங்கத்திட்டத்தான் குடுக்கிறது. அவன் ரிக்கற் எடுப்பான்."

உண்மையில் மாப்பிள்ளை என்று எவனும் இல்லை என்பதைக் கனகம்மாவுக்கு விளங்கப்படுத்த அரை மணித்தியாலம் எடுத்தது. விளங்கியதும் அவள் கோபிக்கவில்லை. "சரி, தயிரைத் திருப்பிக் கொண்டு போகேலுமோ? சாப்பிடுங்கோ. ஆரும் நல்ல பெடியன் வந்தால் பேப்பர் கையிலதானே இருக்கு, சொல்லிவிடுங்கோ" என்று எழும்பிப் போனாள்.

அன்று மாலை றம்லா சீதேவியைத் தேடிப்பிடித்து மன்னிப்புக் கேட்டாள். சத்தியமாவது மண்ணாங்கட்டியாவது என்று படிவத்தையும் காட்டினாள். சீதேவி வாசித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "சித்தி எனக்கு மாப்பிள்ளை பாக்கிறாவாம்! இந்த ரெண்டு ஏக்கர் எங்க இருக்கு தெரியுமோ? எங்கட ஆக்கள் அந்த வயல் பக்கம் போய் ஒன்பது வருஷம். இப்ப யானைதான் அங்க விதைக்குது." ஆனால் சீதேவி வெருகலுக்குப் போகப் பத்து நாள்தான் இருந்தது, அவளை வெளியே தள்ளுகிற தாளில் றம்லாவின் கையெழுத்து இருந்தது. றம்லா கொப்பி வாங்கவென்று வைத்திருந்த பத்து ரூபாயை அவள் கையில் திணித்துவிட்டு வீடு போனாள்.

சனிக்கிழமை படிவங்களைப் பிரித்துப் போட்டு, ஒரே வீட்டிலிருந்து வருகிற அண்ணன் தங்கை, அக்கா தம்பிகளைத் தேடினாள். ஒன்பது சோடி இருந்தது. ஒன்பதிலும் அதே கதை. அதை எடுத்துக்கொண்டு சோமசேகரம் சேரின் வீட்டுக்கே போனாள்.

சேரின் முகம் கறுத்துவிட்டது. "அறிக்கை கொழும்புக்குப் போட்டுது பிள்ளை. செவ்வாய்க்கிழமை அவை மூண்டு பேர் வருகினம். இப்ப போய் எல்லாம் பிழை எண்டு சொன்னால் நானும் போச்சு, உம்மட வேலையும் போச்சு. தாய்மார் சொல்லுற கதையை வச்சு ஆராய்ச்சி செய்யேலாது. எண் இருந்தால் கொண்டு வாரும்."

எண்தானே? திங்கட்கிழமை காலை முதலாவது பாதையில் றம்லா வந்து இறங்கினாள். கல்லூரிக்குப் போகிற வீதியில், துறைமுக வேலிக்குப் பக்கத்தில் ஒரு சாவடி இருந்தது. எந்த ஊரிலிருந்து வந்தாலும் நூற்றுப் பன்னிரண்டு பேரும் அதைக் கடந்தே ஆகவேண்டும். பையைத் திறந்து, காசுப்பையை வெளியில் எடுத்து, எல்லாவற்றையும் மேசையில் காட்டவேண்டும். ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை. ஆராய்ச்சிக்கு இதைவிட வசதியான இடம் உலகத்தில் உண்டா? அரசாங்கமே ஆண் பெண் பிரித்து, காசை வெளியே எடுக்கவைத்து, வரிசையாக அனுப்பிக்கொண்டிருந்தது. றம்லா சாவடி தாண்டிப் பத்தடியில் கொப்பியோடு நின்றாள். மூன்றே மூன்று கேள்வி. இப்ப கையில எவ்வளவு? தந்தவர் என்ன கேட்டவர்? இது என்னத்துக்கு?

காவலுக்கு நின்ற கடற்படைக்காரன் துவக்கைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். "என்ன எழுதறது?"

"கல்லூரி வேலை. ஆருட கையில எவ்வளவு காசு எண்டு."

அவன் கொப்பியை வாங்கிப் புரட்டினான். எண்கள் மட்டும் இருக்கக் கண்டு சிரித்தான். "நம்ம சம்பளம் அம்மாவுக்கு அனுப்பு. நம்ம கையில சிகரட் காசு மட்டும். அதுவும் எழுது" என்றான். அவன் இரண்டு வரிசையிலும் சேராததால் றம்லா அதை எழுதவில்லை.

பட்டியலின் முதல் ஆளான பாயிஸ் வந்தான். பின்னேரங்களில் மீன் வாடியில் ஐஸ் ஏற்றுகிற பெடியன். நூற்றெண்பது ரூபாய் வைத்திருந்தான்.

"என்னத்துக்கு?"

"என்னத்துக்கு எண்டா? சும்மா."

"சும்மா எண்டு ஒரு பகுதி இதில இல்லை. பஸ், சாப்பாடு, கொப்பி. இதில எது?"

"ஒண்டுமில்லை. சும்மா வச்சிரிக்கன். சேப்பில காசு கிடந்தா மனசுக்கு ஒரு தெம்பு."

வேறு வழியில்லாமல் றம்லா நாலாவது கோடு ஒன்று கீறி, மேலே 'சும்மா' என்று எழுதினாள்.

குணமணியின் கையில் ஒன்றும் இருக்கவில்லை. அண்ணன் முன்னால் போய்விட்டானாம். சீதேவி காசுப்பையைத் திறந்து காட்டினாள். ஏழு ரூபாய். "வெள்ளிக்கிழமை நீ தந்த பத்தில மிச்சம்" என்றாள். றம்லா குனிந்துகொண்டு எழுதினாள்.

செவ்வாய்க்கிழமை மூன்று பேர் வந்தார்கள். தலைமை ஒரு பெண்மணி, மூக்குக் கண்ணாடிக்கு மேலால் பார்க்கிறவர். சோமசேகரம் சேர் அறிக்கையை வாசிக்கத் தொடங்கினார். எழுபத்தொன்று என்ற எண் வந்ததும் றம்லா எழும்பினாள். ஆயிரத்து இருநூறு ரூபாய் அவள் கண்ணுக்கு முன்னால் ஒருமுறை வந்து போனது. அவளுக்கு அது உண்மையிலேயே வேண்டியிருந்தது.

"மேடம், அந்த அறிக்கை பிழை. பிழை விட்டது நான்."

அவள் குணமணியின் படிவத்தையும் குலசிங்கத்தின் படிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். பிறகு சாதகங்களை வைத்தாள். பிறகு சாவடிக் கொப்பியை வைத்தாள். ஆண்களின் கையில் சராசரி எழுபத்துநாலு ரூபாய். பெண்களின் கையில் பதின்மூன்று. காசு வாங்கும்போது என்னத்துக்கென்று கேட்கப்பட்ட ஆண்கள் ஆறு பேர். பெண்கள் ஐம்பத்தேழு பேர். சும்மா வைத்திருந்த ஆண்கள் முப்பத்துமூன்று. சும்மா வைத்திருந்த பெண்கள் பூச்சியம்.

அந்தப் பெண்மணி யோசித்தார். "விளங்குது. ஆனால் வீடும் காணியும் பேரில இருக்கிற ஆளுக்கு உதவுதொகை எண்டால் மேலிடம் கேக்குமே பிள்ளை?"

"எனக்கும் ஒரு வீடு இரிக்கி மேடம். வந்து பாருங்க. ஆட்டைக் கேட்டுத்தான் உள்ளுக்குப் போகவேணும்." எல்லாரும் சிரித்தார்கள். றம்லா சிரிக்கவில்லை. "அந்த வீட்டை வச்சு என்னால ஒரு பிளேன்ரீ குடிக்க ஏலாது. விக்கிறதெண்டா வாப்பா ஓம் எண்டு சொல்ல வேணும், மாமாமார் ஓம் எண்டு சொல்ல வேணும். என்னைக் கட்டப்போறவர் ஆரெண்டே தெரியாது, அவருக்கும் அது வேணும். உறுதியில மட்டும்தான் மேடம் அது என்ட. சாவடியில நிக்கக்குள்ள கையில என்ன இரிக்கோ, அதுதான் எங்களுக்கு உள்ளது."

பட்டியல் மாறியது. வீடு வீடாக விசாரித்து எட்டுப் பெண்களையும் நாலு ஆண்களையும் எடுத்தார்கள். முதல் பெயர் சீதேவி. காசு அவரவர் பெயரில் வங்கிப் புத்தகத்தில் விழும், எடுக்க வேறு யாருடைய கையொப்பமும் தேவையில்லை என்று அந்தப் பெண்மணியே எழுதிக் கையெழுத்துப் போட்டார். பட்டியலிலிருந்து விழுந்த பாயிஸ் இரண்டு நாள் முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்துவிட்டு, மூன்றாம் நாள் றம்லாவுக்குக் கன்ரீனில் தின்ன ஒரு றோல்ஸ் வாங்கிக் கொடுத்தான். சேர் புது அறிக்கை எழுதினார். "எனக்கு முதலே ஒரு சந்தேகம் இருந்தது" என்று எல்லாரிடமும் சொன்னார். பிழையான அறிக்கையில் கையெழுத்து வைத்த ஆளுக்கு உதவியாளர் வேலை கொடுக்கக்கூடாது என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. றம்லா அன்று பாதையில் வரும்போது அழுதாள். அழாமல் இருந்தாள் என்று நான் சொன்னால் அது பொய்.

ஆட்டுக் கதை கிண்ணியாவுக்கு அவளுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. முஹம்மது தம்பி கொதித்தார். "எங்கட வீட்டு மானத்தைக் கொழும்பு வரைக்கும் கொண்டு போட்டியே மகள்!" அடுத்த நாளே ஆடு நான்கையும் துரத்திவிட்டு வாசலுக்குத் தடி கட்டினார். கூரை மட்டும் வரவில்லை. காலையில் மகள் கை நீட்டியபோது, "என்னத்துக்கு?" என்றார்.

மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை சீதேவியும் றம்லாவும் வங்கிக்குப் போனார்கள். கவுண்டரில் இருந்தவர் அறுநூறு ரூபாயைச் சீதேவியின் கையில் எண்ணிக் கொடுத்தார். வெளியில் மரநிழலில் நின்று அவள் அதைப் பிரித்தாள். வகுப்புக் காசு ஒரு பக்கம். சித்திக்குச் சாப்பாட்டுக்கு ஒரு பக்கம். பஸ்ஸுக்கும் கொப்பிக்கும் ஒரு பக்கம். கடைசியில் ஒரு இருபது ரூபாய்த் தாளை நாலாக மடித்து, காசுப்பையின் உள் மடிப்பில் தனியாகச் செருகினாள்.

"அது என்னத்துக்கு?" என்றாள் றம்லா.

கேட்ட பிறகுதான் யாருடைய குரல் அது என்று அவளுக்கே தெரிந்தது. வாப்பாவின் குரல், அப்படியே. நாக்கைக் கடித்துக்கொண்டாள். சீதேவி பதிலுக்கு ஒரு காரணம் தேடுகிறவள்போல வாயைத் திறந்தாள், பிறகு மூடினாள். அவள் முகம் மெல்ல மலர்ந்தது.

"சும்மா" என்றாள்.

றம்லா பையிலிருந்து சாவடிக் கொப்பியை எடுத்தாள். பெண்கள் பக்கத்தில், நாலாவது கோட்டின் கீழே தான் அழகாகப் போட்டிருந்த பூச்சியத்தை அடித்துவிட்டு, ஒன்று என்று எழுதினாள்.